மாப்பிள்ளை வீகன்: பதினைந்து பேர் விருந்துக்கு என்ன சமைப்பது?

செண்பகம்_ஈரோடு

அக்கா மகளுக்குப் போன மாதம் கல்யாணம் முடிந்தது. பொண்ணு மாப்பிள்ளையை அடுத்த ஞாயிறு ராத்திரி விருந்துக்கு அழைத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினைந்து பேர். எங்கள் பக்கம் மாப்பிள்ளை விருந்து என்றால் கறி விருந்துதான். கோழி, ஆட்டுக்கறி இல்லாவிட்டால் உறவுக்குள் பேச்சு வரும்.

சிக்கல் என்னவென்றால் மாப்பிள்ளை வீகன். வெறும் சைவம் என்றால் எனக்குக் கவலையே இல்லை. பன்னீரில் ஒன்று, தயிரில் ஒன்று, நெய் சொட்டச் சொட்ட ஒரு கேசரி என்று ஒப்பேற்றிவிடுவேன். இவருக்குப் பால், தயிர், மோர், நெய், தேன் எதுவுமே ஆகாதாம். அக்கா மகளைக் கேட்டால், "சித்தி, நீங்க சிரமப்படாதீங்க, சாதமும் ரசமும் இருந்தாலே போதும்" என்கிறாள். புது மாப்பிள்ளைக்கு ரசம் சாதம் போட்டு அனுப்பினால் என் அக்கா என்னோடு பேசுவாளா?

அவருக்கு மட்டும் தனியாக நாலு ஐட்டம் செய்வதா, எல்லோருக்கும் ஒரே சமையலா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மோர்மிளகாய்

என் பெயரைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவார் போலிருக்கிறதே உங்கள் மாப்பிள்ளை. யோசனை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பாயை விரித்து உட்கார்ந்துகொள்கிறேன்.

பச்சைஇலை

அக்கா, நான் வீகன். விருந்தாளி பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தனியாகச் செய்யாதீர்கள். தனியாகச் செய்தால் என்ன நடக்கும் என்றால், பதினாலு பேருக்குப் பெரிய பாத்திரத்தில் வந்து பரிமாறுவார்கள். எனக்கு மட்டும் அடுக்களையிலிருந்து சின்னக் கிண்ணத்தில் ஏதோ மருந்து மாதிரி வரும். இலையைச் சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு "இது சாப்பிடுவீங்களா, அது சாப்பிடுவீங்களா" என்று விசாரணை நடக்கும். சாப்பாட்டைவிட அதுதான் கூச்சம்.

நம் சமையலில் இதற்குச் சுலபமான வழி உண்டு. நெய்யும் தயிரும் பாத்திரத்துக்குள் போகாமல் பார்த்துக்கொண்டாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. பருப்பில் நெய் விடாதீர்கள். ரசத்தை நெய்யில் தாளிக்காமல் நல்லெண்ணெயில் தாளியுங்கள். பொரியலுக்கு எப்படியும் எண்ணெய்தான். நெய்க் கிண்ணமும் தயிர்ச் சட்டியும் தனியாகப் பந்திக்கு வரட்டும், வேண்டியவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அப்போது எல்லோர் இலையிலும் ஒரே சாப்பாடு. மாப்பிள்ளை இரண்டை வேண்டாம் என்பார், அவ்வளவுதான்.

அப்புறம் உங்கள் பெண்ணிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். கறி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்தால் சாப்பிடுவாரா? பக்கத்து இலையில் கறி பரிமாறினால் அவருக்குச் சங்கடமா? முந்திரி, வேர்க்கடலை ஏதாவது ஒத்துக்கொள்ளாதா? பாலுக்குப் பதிலாக நாம் போடுவது பெரும்பாலும் கொட்டை வகை என்பதால் மூன்றாவதை மறக்காதீர்கள்.

கொங்குக்காரன்

நல்ல கதை. ஒருத்தருக்காகப் பதினாலு பேர் வாயைக் கட்ட வேண்டுமா? மாப்பிள்ளை வருகிறார் என்று கோயமுத்தூரிலிருந்து கிளம்பி வருகிற பங்காளிகளுக்குப் பீன்ஸ் பொரியலா? பசு மாடு கன்றுக்குக் கொடுத்தது போகத்தான் நாம் கறக்கிறோம். அதில் என்ன பாவம் கண்டார்கள்? எல்லாம் இப்போது வந்த ஃபேஷன்.

பச்சைஇலை

அண்ணா, வீகன் சங்கம் இங்கிலாந்தில் ஆரம்பித்தது 1944-ல், டொனால்ட் வாட்சன் என்பவர் முன்னின்று தொடங்கியது. நீங்களும் நானும் பிறப்பதற்கு முன்னாலேயே வந்த ஃபேஷன். மாடு, கன்று வழக்கைத் தனி இழை போட்டுப் பேசலாம், நானும் வருகிறேன். இங்கே அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் மெனு வேண்டும்.

பத்மா பாட்டி

சண்டை போடாதீங்க கண்ணுகளா. செண்பகம், உங்க ஊருப் பழக்கத்திலேயே வழி இருக்கிறது. இரண்டு பந்தி போடு. முதல் பந்தியில் பொண்ணு மாப்பிள்ளை, சம்பந்தி வீட்டுக்காரர்கள், கறி சாப்பிடாதவர்கள். இரண்டாம் பந்தியில் பங்காளிகளும் கறியும். அந்தக் காலத்தில் கார்த்திகை, சஷ்டி என்று விரதம் இருப்பவர்களுக்கு இப்படித்தான் முதலில் இலை போடுவோம், யாரும் முகம் சுளித்ததில்லை. சமையலையும் அதே வரிசையில் வை. மாப்பிள்ளைக்கு உண்டானதையெல்லாம் முதலில் முடித்து, அப்பளம் வடையைப் புது எண்ணெயில் பொரித்து எடுத்த பிறகு கறியை அடுப்பில் ஏற்று. எண்ணெய்க் கேள்வியே வராது.

தாமிரபரணி

செண்பகம் அக்கா, நீங்கள் ஈரோடு, நான் திருநெல்வேலி. எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்கென்றே ஒரு குழம்பு இருக்கிறது. சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் போடும் விருந்தில் சொதிதான் ராஜா. "மாப்பிள்ளை சொதி" என்றே பெயர். பாலும் இல்லை, தயிரும் இல்லை, முழுக்கத் தேங்காய்ப் பால். உங்கள் வீட்டு விருந்துக்கென்றே செய்து வைத்தது போல இருக்கிறது பாருங்கள்.

பதினைந்து பேருக்குப் பெரிய தேங்காயாக நாலு, பாசிப்பருப்பு கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. தேங்காயைத் துருவி அரைத்து முதல் பாலைக் கெட்டியாகப் பிழிந்து தனியாக வைத்துவிடுங்கள். அதே சக்கையில் தண்ணீர் விட்டு இரண்டாம் பால், மூன்றாம் பால். முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, உரித்த சின்ன வெங்காயம், பூண்டு. காய்களை மூன்றாம் பாலில் வேகவிட்டு, இரண்டாம் பாலை ஊற்றி, வேகவைத்து மசித்த பாசிப்பருப்பைச் சேர்க்க வேண்டும். காரத்துக்குப் பச்சை மிளகாய் மட்டும், இஞ்சியோடு சேர்த்து அரைத்தது. மிளகாய்த்தூள் வேண்டாம், மஞ்சள் தூள் வேண்டவே வேண்டாம். சொதி வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் எங்கள் ஊரில் அதைக் குருமா என்று சொல்லிவிடுவார்கள்.

கவனம் வைக்க வேண்டிய இடம் கடைசி ஐந்து நிமிடம். முதல் பாலை ஊற்றியபின் கொதிக்க விடக்கூடாது. தீயைச் சிம்மில் வைத்து, பாத்திரத்தின் ஓரத்தில் நுரை கட்டி லேசாக நடுங்கும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்து எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாக நிற்கும். எலுமிச்சம்பழத்தை அடுப்பில் இருக்கும்போது பிழியாதீர்கள். இறக்கி, கொஞ்சம் சூடு தணிந்த பிறகு பிழிந்து கலக்கி, தேங்காய் எண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும். இஞ்சித் துவையலை விட்டுவிடாதீர்கள். தேங்காய்ப் பாலும் பருப்புமாக ராத்திரியில் சாப்பிட்டால் வயிறு மந்தமாக இருக்கும், அதற்காகத்தான் அது.

செண்பகம்_ஈரோடு

தாமிரபரணி, நாக்கில் எச்சில் ஊறுகிறது தம்பி. சொதி முடிவாகிவிட்டது. பாட்டி, இரண்டு பந்தி யோசனைக்கு எங்கள் மாமியாரும் சரி என்றுவிட்டார். பெண்ணிடமும் கேட்டேன். மாப்பிள்ளைக்குக் கொட்டை வகை எல்லாம் ஒத்துக்கொள்ளுமாம். வீட்டில் கறி இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் பக்கத்து இலையில் பரிமாறினால் சாப்பிட முடியாது என்றாராம். முதல் பந்திக்குப் பள்ளிபாளையம் காளான் செய்யலாமா? பாயசம் என்ன செய்வது? சாப்பிட்டு எழும்போது தயிர் சாதம் இல்லாமல் இலையை எப்படி மூடுவது?

கொங்குக்காரன்

இரண்டு பந்தி என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பள்ளிபாளையம் காளான் என்கிற பேச்சு காதில் விழுந்ததால் இறங்கி வருகிறேன். பள்ளிபாளையம் கோழியே கொஞ்சம் சாமானில் செய்கிற சங்கதிதானுங்க. சின்ன வெங்காயம், விதை தட்டிய வரமிளகாய், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், நல்லெண்ணெய், உப்பு. தயிரில் ஊற வைக்கிற வேலை, மசாலாத்தூள் எதுவும் கிடையாது. கோழியை எடுத்துவிட்டுக் காளானைப் போட்டால் ஆயிற்று. ஒன்று மட்டும். காளான் தண்ணீர் விடும், அதனால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அகலமான சட்டியில் பெரிய தீயில் பிரட்டி எடுங்கள். கூட்டமாகப் போட்டு மூடி வைத்தால் கூட்டு மாதிரி ஆகிவிடும்.

பச்சைஇலை

அண்ணா, முதல் பந்தியில் உங்களுக்கும் ஓர் இலை போடச் சொல்கிறேன்.

லட்சுமி_சமையல்

நான் இருபது முப்பது பேர் அளவில் வீட்டு விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவள். இந்த மாதிரி ஆர்டர் இப்போது அடிக்கடி வருகிறது. நெய்யும் தயிரும் கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் உள்ளே போவதுதான் தொல்லை.

வாழைப்பூ வடை போடுவதாக இருந்தால் பூவை நறுக்கிப் போடும் தண்ணீரைப் பாருங்கள். கறுக்காமல் இருக்க நாம் கை தன்னாலே மோரைக் கலக்கிவிடுவோம். வாழைத்தண்டுக்கும் அதேதான். அன்றைக்கு மட்டும் புளித் தண்ணீர், இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு. மோர் மிளகாய் (பெயர்க்காரர் மன்னிக்கவும்) கூடாது. ஜவ்வரிசி வடகம் சில வீடுகளில் புளித்த மோர் விட்டுக் காய்ச்சுவார்கள், யார் வீட்டு வடகம் என்று கேட்டுப் பொரியுங்கள். உளுந்து அப்பளத்தில் பிரச்சினை இல்லை. முறுக்கு, தட்டை கடையில் வாங்கினால் வெண்ணெய் போட்டிருக்கலாம். பரோட்டா, நான், பன் எல்லாம் பால், தயிர், முட்டை ஏதாவது ஒன்று பட்ட மாவாக இருக்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம். பிஸ்கட், சாக்லேட், சூப் பாக்கெட் இவற்றில் பால் பவுடர் இருக்கும்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பச்சைப் புள்ளிக்குப் பாலும் தேனும் சைவம்தான். வீகன் உணவுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தனி விதி கொண்டுவந்தது, அதற்குப் பச்சை நிறத்தில் வி எழுத்தும் இலையுமாகத் தனி முத்திரை. அது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இல்லாவிட்டால் பின்பக்கம் திருப்பி, பால் திடப்பொருள், மோர்ப் புரதம், வெண்ணெய்க் கொழுப்பு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று படியுங்கள்.

அப்புறம் பரிமாறும் ஆள். இதை நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. அடுக்களையில் நீங்கள் ஆயிரம் ஜாக்கிரதையாக இருந்திருப்பீர்கள். பந்தியில் யாராவது ஒரு பெரியம்மா நெய்க் கிண்ணத்தோடு வரிசையாக வருவார். பருப்பு விழுந்த இலையில் நெய் விடாமல் தாண்டிப் போக அவருக்குக் கையே வராது. "ஒரு சொட்டுதானே சாமி, உடம்புக்கு நல்லது" என்று சொல்லி முடிப்பதற்குள் விட்டிருப்பார். மாப்பிள்ளை என்ன செய்வார்? பெரியவர் முகத்துக்காகச் சாப்பிடுவதா, அந்தச் சாதத்தை ஒதுக்கி வைப்பதா? அதனால் முதல் பந்திக்கு நெய் பரிமாறும் வேலையை விஷயம் தெரிந்த ஓர் ஆளிடம் கொடுங்கள். கரண்டிகளையும் பிரித்து வையுங்கள். தயிர்க் கரண்டியைச் சாம்பாரில் போட்டுவிடுவார்கள்.

செண்பகம்_ஈரோடு

அந்தப் பெரியம்மா எங்கள் வீட்டில் நிஜமாகவே இருக்கிறார், என் மாமியாரின் அக்கா. அவருக்கு வெற்றிலைத் தட்டுப் பொறுப்பைக் கொடுத்துவிடுகிறேன்.

நாகலிங்கப்பூ

தயிர் சாதத்துக்கு வழி சொல்கிறேன். வேர்க்கடலைத் தயிர். பச்சை வேர்க்கடலை ஒரு கப்பை ராத்திரி ஊற வைத்துத் தோலைக் கசக்கி எடுத்துவிட்டு, மூன்று கப் தண்ணீர் விட்டு நைசாக அரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். அந்தப் பாலை அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உறை ஊற்ற வேண்டும். உறைக்கு மாட்டுத் தயிர் போட்டால் செய்ததே வீண். பச்சை மிளகாய்க் காம்பு ஏழெட்டைக் கிள்ளிப் போட்டு மூடி வையுங்கள், காம்பில் இருக்கும் கிருமியே உறைய வைக்கும். முதல் தடவை உறைந்தது கொஞ்சம் நீர்த்து, ஒரு வாடையோடு இருக்கும். அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றினால் நன்றாக வரும். ஆகவே வியாழக்கிழமையே ஆரம்பியுங்கள்.

கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்து மாதுளை முத்துப் போட்டு வைத்தால் வித்தியாசம் அதிகம் தெரியாது.

தாமிரபரணி

வித்தியாசம் தெரியாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நன்றாகவே தெரியும். வேர்க்கடலைத் தயிர் பச்சடிக்குச் சரி, வெள்ளரிக்காய் போட்டால் எடுபடும். வெறும் சாதத்தில் பிசைந்தால் கடலை வாடை முன்னால் நிற்கும். தயிர் சாதம் மாதிரி ஒன்றைக் கொடுத்துத் தயிர் சாதத்தை நினைவுபடுத்துவதைவிட, ரசத்தோடு முடிப்பது மேல். நல்ல ரசம் சாதத்துக்குப் பிறகு எனக்கு மோர் தோன்றியதே இல்லை.

நாகலிங்கப்பூ

அது உங்கள் நாக்கு. என் வீட்டில் குழந்தைகள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். சாதத்தை நன்றாகக் குழைத்து, ஆறவைத்துப் பிசைந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

பச்சைஇலை

இதில் நான் தாமிரபரணி பக்கம். ஆனால் அக்கா கேட்பது மாப்பிள்ளைக்காக மட்டும் இல்லை, கடைசியில் தயிர் இல்லாமல் எழுந்து பழகாத மற்றவர்களுக்காகவும்தான். அவர்களுக்கு மாட்டுத் தயிரே தனியாக இருக்கட்டும். மாப்பிள்ளைக்குக் கொள்ளு ரசம் இன்னொரு தடவை ஊற்றுங்கள்.

பத்மா பாட்டி

கொள்ளு ரசம் சரியான பேச்சு.

பாயசத்தை விடு செண்பகம். உன் ஊர்ச் சந்தகை இருக்கும்போது பாயசம் எதற்கு? சந்தகைக்குத் தேங்காய்ப் பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றி, ஏலக்காய் தட்டிப் போட்டு, முதலிலேயே இலையில் ஓரமாக வை. எதையும் எடுக்க வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம், நாங்கள் காலங்காலமாகச் செய்கிறபடியே அது அவர் சாப்பாடுதான். ஆனால் சந்தகை பிழிந்து ரொம்ப நேரம் வைத்தால் வறண்டுபோகும். பந்திக்கு முன்னால் பிழிய ஒரு கை பலமான ஆளைப் பிடித்து வை. உன் வீட்டுக்காரர் சும்மாதானே உட்கார்ந்திருப்பார்.

மோர்மிளகாய்

பாயசம் கட்டாயம் வேண்டும் என்றால் பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய்ப் பால். முந்திரியை நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயில் வறுத்தால் போதும், மலையாளத்துப் பிரதமன் வாசம் வந்துவிடும். வெல்லப் பாகு கொதிக்கும்போது முதல் பாலை ஊற்றாதீர்கள், சொதிக்குச் சொன்ன அதே கதைதான். பார்த்தீர்களா, எனக்கும் ஏதோ தெரிகிறது.

ஒரு சந்தேகம். வெள்ளைச் சர்க்கரையை எலும்புக் கரியில் வெளுக்கிறார்கள், அதனால் அதுவும் ஆகாது என்கிறார்களே?

லட்சுமி_சமையல்

அது வெளிநாட்டுச் சில ஆலைகளில் உள்ள வழக்கம். நம் ஊர் ஆலைகளில் பெரும்பாலும் கந்தகப் புகை கொண்டுதான் சாற்றை வெளுக்கிறார்கள். எப்படியும் சந்தகைக்கு நாட்டுச் சர்க்கரைதானே, அந்தக் கேள்வியே இங்கே எழவில்லை.

சாப்பிட்டபின் காபி கேட்பார்கள். சோயா பாலை டிகாஷனில் ஊற்றினால் பல சமயம் திரிந்துபோகும். அதற்குக் கருப்பட்டிக் காபி போட்டுவிடுங்கள், சுக்கு தட்டிப் போட்டு, எல்லோருக்கும் அதே. தெற்கத்தி ஆட்களுக்குப் பால் இல்லாத காபி புதிதில்லை, தாமிரபரணியைக் கேளுங்கள்.

தாமிரபரணி

ஆமாம். நல்ல உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் பாலை யாரும் தேட மாட்டார்கள்.

செண்பகம்_ஈரோடு

எல்லோருக்கும் நன்றி. மெனுவைப் போடுகிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

முதல் பந்தி: சந்தகையும் தேங்காய்ப் பாலும், வாழைப்பூ வடை (புளித் தண்ணீர்தான்!), சாதம், சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ், பள்ளிபாளையம் காளான், கொள்ளு ரசம், உளுந்து அப்பளம், மாங்காய் ஊறுகாய். நெய்யும் தயிரும் தனியாக. எழுந்த பிறகு கருப்பட்டிக் காபி, வெற்றிலை. வேர்க்கடலைத் தயிரைப் பச்சடிக்கு மட்டும் கொஞ்சம் செய்து பார்க்கிறேன், நாகலிங்கப்பூவும் தாமிரபரணியும் சமாதானமாகப் போங்கள். இரண்டாம் பந்திக்கு இதே சாப்பாட்டோடு ஆட்டுக்கறிக் குழம்பும் கோழி வறுவலும்.

லட்சுமி_சமையல்

நன்றாக இருக்கிறது. வெற்றிலை வீட்டில் மடிப்பதா, கடையில் ஸ்வீட் பீடா வாங்குவதா? கடை பீடாவில் தேன் தடவியிருக்கலாம். மேலே ஒட்டும் வெள்ளித் தாளையும் பழைய முறையில் மாட்டுக் குடல் தோலுக்கு நடுவில் வைத்துத்தான் தட்டினார்கள். அப்படிச் செய்யக்கூடாது என்று 2016-ல் விதி வந்துவிட்டது, ஆனாலும் எங்கிருந்து வந்த தாள் என்று பீடாக் கடைக்காரருக்கே தெரியாது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைத்து வீட்டிலேயே மடித்துவிடுங்கள்.

பத்மா பாட்டி

சாப்பாடு ஆயிற்று. மாப்பிள்ளைக்குத் துணி எடுத்துக் கொடுப்பீர்களே, என்ன எடுக்கிறீர்கள்?

செண்பகம்_ஈரோடு

நாளைக்குத்தான் கடைக்குப் போகிறோம் பாட்டி. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. ஏன் கேட்கிறீர்கள்?

பச்சைஇலை

ஐயோ அக்கா, பட்டு வேண்டாம். பட்டுப்பூச்சிக் கூட்டைப் பூச்சியோடு கொதிக்க வைத்துத்தான் நூல் எடுக்கிறார்கள், அவர் கட்ட மாட்டார். நல்ல பருத்தியில் மயில்கண் பார்டர் போட்ட வேட்டியாக எடுங்கள். பெல்ட், பர்ஸ் என்று தோல் சாமானும் வேண்டாம்.

செண்பகம்_ஈரோடு

இதை அக்கா மகள் சொல்லவே இல்லையே! கல்யாணத்துக்குக் கட்டியிருந்தது பட்டு இல்லையா அப்போது?

கொங்குக்காரன்

பருத்தி வேட்டிதானுங்க. நான் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்க எந்த வீட்டு விருந்து என்று இப்போதுதான் புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பந்தியில் பார்க்கலாம் செண்பகம் அக்கா. காளானை மட்டும் எனக்கு முதல் பந்தியிலிருந்தே எடுத்து வையுங்கள்.